தூளியில் நாலாவது குட்டி

786

தென்னூர், திருச்சி
12-3-1962

அன்பு மகள் ஷரபுன்னிசாவுக்கு, அத்தா அப்துல் சுக்கூர் தன் கையால் எழுதும் கடிதம். அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் இங்கே சுகம். கொழும்பில் நீயும் மாப்பிள்ளை ஜமாலும் சுகமாக இருக்கும் செய்தியைத்தான் தினமும் தபால்காரரிடம் எதிர்பார்க்கிறேன்.

முதல் வரியை இன்னொரு முறை படி. தன் கையால். இது ரெங்கநாதன் எழுதிக் கொடுத்தது இல்லை. பொன்மலைப் பட்டறையில் முப்பத்துமூன்று வருஷம் சம்மட்டி பிடித்த கை எழுதியது. இதுவரை உனக்கு வந்த கடிதம் எல்லாம் நான் சொல்லச் சொல்ல, பட்டறை ஆபீசில் கிளார்க்காக இருந்த ரெங்கநாதன் எழுதியவை. நான் ஒன்று சொன்னால் அவர் அதை அழகாக்கி எழுதிவிடுவார். சில விஷயங்களை அவரிடம் சொல்லவே எனக்குக் கூசும். ரிட்டயர் ஆனதும் பாலக்கரையில் லூர்துராணி டீச்சர் பெரியவர்களுக்கு நடத்தும் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். எட்டு மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தை முடிக்க மூன்று நாள் ஆகும் போலிருக்கிறது. ஆகட்டும், எனக்கு வேறு என்ன வேலை?

ஒரு குறை மட்டும் இருக்கிறது. வாயால் சொன்னால்தான் என் கை நகருகிறது. படிப்பதும் அப்படித்தான், சத்தமாக, எழுத்துக் கூட்டி. மனதுக்குள் படிக்க இன்னும் ஆறு மாதம் பழக வேண்டும் என்கிறார் டீச்சர். பக்கத்து வீட்டு சாரா பீவி சுவருக்கு மேல் தலையை நீட்டி, அண்ணே, உங்க கடுதாசிக்கு எதுக்கு ஸ்டாம்பு, நீங்க எழுதுறப்பவே கொழும்புக்குக் கேட்டுடுமே என்கிறாள்.

உன் கடிதத்தை நோன்புப் பெருநாள் அன்று நானே படித்தேன். தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவன் பகல் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் முடித்தேன். மறுபடியும் முழுகாமல் இருக்கிறேன், ஐந்தாம் மாதம், ஜூலையில் இருக்கும் என்று எழுதியிருந்தாய். அந்த இடம் வந்ததும் எழுந்துவிட்டேன். மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்த பின்னறையைத் திறந்து, உள்ளே நின்று அதே வரியை இன்னொரு தடவை சத்தமாகப் படித்தேன். உன் அம்மா கடைசி மூச்சு விட்ட இடம் அதுதானே. ஹாஜிராவும் கேட்டுச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தேன்.

பிரசவத்துக்கு எங்கே இருப்பது என்று முடிவு செய்யவில்லை, மருதானையில் மாப்பிள்ளையின் அக்கா வீட்டிலேயே இருந்துவிடச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். அந்த அறை இன்னும் அப்படியே இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது மகளே. முதல் பிள்ளை அங்கே பிறந்து ஒன்பதே நாள் இருந்தான் என்பதால் உனக்கு மனம் வரவில்லை, எனக்குத் தெரியும். நீ நாற்பது நாள் கழித்துக் கப்பல் ஏறினாய். நாலு மாதத்தில் உன் அம்மாவும் போய்விட்டாள். அவள் முகத்தைப் பார்க்கக்கூட உன்னால் வர முடியவில்லை. அதெல்லாம் போகட்டும். இந்த முறை நல்லபடியாக நடக்கும். ஏழாம் மாதத்தில் வந்துவிடு. நான் வீட்டைத் தயார் செய்ய ஆரம்பித்துவிட்டேன்.

அதற்கு ஒத்திகை பார்ப்பதுபோல் வீட்டுக்கு இன்னொரு கர்ப்பிணியும் வந்திருக்கிறாள். நோன்பு கடைசி வாரத்தில் பள்ளிவாசல் கஞ்சியை வாங்கிவந்து வைத்தேன். பாங்கு சொல்வதற்கு முன்னே ஒரு பூனை வந்து கஞ்சிப் பாத்திரத்தின் மூடியை நக்கிக்கொண்டிருந்தது. வெள்ளை, கறுப்பு, செம்பட்டை என்று மூன்று நிறம். வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கியிருந்தது. நடப்பதைப் பார்த்தால் அரண்மனையிலிருந்து கோபித்துக்கொண்டு வந்தவள்போல் இருந்தாள். மும்தாஜ் என்று பெயர் வைத்தேன். என் அக்கா மகள் பேரைப் பூனைக்கு வைக்கிறீங்களே என்று சாரா பீவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

லூர்துராணி டீச்சர் வீட்டில் ஆறு பூனை. அவரிடம் கேட்டேன். வயிற்றை அமுக்கிப் பார்க்கக்கூடாதாம். குளிப்பாட்டக்கூடாதாம். ஒரே தடவையில் நிறையப் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை கொடுக்க வேண்டுமாம். இருட்டாக, அரவம் இல்லாத இடத்தில் ஒரு பெட்டி வைத்து, துவைத்த பழந்துணி போட்டுவிட்டால் அதுவே இடத்தைப் பார்த்துக்கொள்ளுமாம். மாப்பிள்ளை முன்பு அனுப்பிய தேயிலைப் பெட்டி பரணில் இருந்தது. அதை இறக்கி, ஒரு பக்கத்தைத் தாழ்வாக அறுத்து, ஓரத்து ஆணியெல்லாம் பிடுங்கி, என் பழைய கைலியைக் கிழித்து உள்ளே போட்டிருக்கிறேன். மீன்கடையில் கெண்டைத் தலை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பின்னறையைக் கூட்டிக் கழுவி வெள்ளையடித்தேன். விட்டத்தில் இருக்கும் கொக்கி நான் பட்டறையில் என் கையால் அடித்தது, நினைவிருக்கிறதா? அது இன்னும் தாங்குமா என்று பார்க்க, உன் அம்மாவின் பச்சைச் சேலையை எடுத்துத் தூளி கட்டினேன். கையால் நாலு தள்ளு தள்ளினேன். கிரீச்சென்று ஒரு சத்தம்கூட இல்லை. சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தேன், இன்னமும் ஆடிக்கொண்டிருந்தது. என் வேலை அப்படி!

கை வலிக்கிறது, சந்தோஷமான வலி. மாப்பிள்ளைக்கும் அவர் வீட்டாருக்கும் என் சலாம். உனக்கு நான் கேட்காத துஆ எதுவும் பாக்கி இல்லை.

உன் அத்தா
அப்துல் சுக்கூர்


தென்னூர்
27-3-1962

அன்பு மகள் ஷரபுன்னிசாவுக்கு அத்தாவின் சலாமும் துஆவும்.

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? மாதுளம்பழம் சாப்பிடு. மாடிப்படி அதிகம் ஏறாதே. மும்தாஜ்கூட இப்போது சுவர் ஏறுவதை நிறுத்திவிட்டாள். வெயிலில் சாய்ந்து படுத்திருக்கும்போது அவள் வயிற்றில் ஒரு இடம் முட்டும், அமுங்கும், வேறு இடத்தில் முட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பேன். மூன்று என்பது என் கணக்கு, ஐந்து என்பது சாரா பீவி கணக்கு.

தேயிலைப் பெட்டியைப் பின்னறையில் வைத்தேன். அங்கேதான் இருட்டு, குளிர்ச்சி. ஆனால் மும்தாஜ் வாசல்படியைத் தாண்ட மாட்டேன் என்கிறாள். படிக்கு வெளியே முன்னங்காலைச் சேர்த்து வைத்து உட்கார்ந்துகொண்டு உள்ளேயே பார்க்கிறாள். அவள் தலை மெதுவாக இந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் போகிறது. அவள் எதைப் பார்க்கிறாள் என்று நானும் குனிந்து பார்த்தேன். தூளி சும்மாதான் தொங்கியது. பிறகும் அவள் தலை அப்படியே போய்ப் போய் வந்தது. ஒரு நாள் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். என் கையில் மூன்று கோடு போட்டுவிட்டுக் குதித்து ஓடினாள். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கோபம் வரத்தானே செய்யும். நீ வயிற்றில் இருந்தபோது உன் அம்மா என்மேல் உலக்கையை எறிந்தாள்.

இனி எழுதப்போவதைப் பயப்படாமல் படி. இது நல்ல செய்தி.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தேன். உச்சி வெயில். வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை. செருப்பைக் கழற்றும்போதே பின்னறையிலிருந்து கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தூளி ஆடிக்கொண்டிருக்கிறது. மூன்று ஆட்டம், ஒரு நிறுத்தம். மூன்று ஆட்டம், ஒரு நிறுத்தம். உனக்கு ஞாபகம் வருகிறதா? உன் அம்மா தூளிக் கயிற்றைக் கால் விரலில் மாட்டிக்கொண்டு முறத்தில் அரிசி பார்ப்பாளே. மூன்று தடவை இழுத்துவிட்டு ஒரு கல்லைப் பொறுக்கிப் போடுவாளே. அதே கணக்கு. நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. தொப்பிகூடக் கழற்றவில்லை. சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன், கன்னம் வலித்தது.

சாரா பீவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். என்ன அண்ணே, விவரம் தெரியாத ஆளா நீங்க, பிள்ளை வர்றதுக்கு முந்தி தூளி கட்டுறதே ஆகாது, அதிலயும் வெறும் தூளியை ஆட்டினீங்களா, அது கைதட்டிக் கூப்பிட்ட மாதிரி இல்ல ஆயிடும் என்றாள். உடனே அவிழுங்க என்றாள். மாட்டேன் என்றேன். ஆலிம்சாவைக் கூப்பிட்டு யாசீன் ஓதலாம் என்றாள். என் பெண்டாட்டி மூன்று வருஷம் கழித்து வீட்டுக்கு வந்திருக்கிறாள், ஓதி அனுப்பச் சொல்கிறாயா என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, வெறுமனேயாவது விடாதீங்க, தொட்டில் போடுற அன்னைக்கு முதல்ல அம்மிக் குழவியைக் கிடத்திட்டுத்தானே பிள்ளையைக் கிடத்துவோம், அந்தக் குழவியைப் போட்டு வைங்க என்றாள். போட்டேன். வெறும் கல், மிளகாய் வாசனையோடு.

மறுநாள் பகல் போய்ப் பார்த்தேன். குழவியைக் கழுவி, எண்ணெய் தடவி, வெள்ளைத் துணியில் சுற்றிக் கிடத்தியிருந்தது. இடது பக்கம் மடிப்பு, கால்மாட்டில் ஒரு சுருக்கு. மேல் நுனியில், நெற்றி இருக்கவேண்டிய இடத்தில், ஒரு மைப்பொட்டு. துணி உன் அம்மாவின் துப்பட்டியில் கிழித்தது. அந்தத் துப்பட்டி டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது, சாவி என் இடுப்பில் இருக்கிறது. குழவியைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் காலம் அல்லவா.

அன்றிலிருந்து சாரா பீவி எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. பேச்சு எல்லாம் சுவருக்கு மேல்தான். ரெங்கநாதன் ஸ்ரீரங்கத்திலிருந்து மும்தாஜுக்கு என்று தன் வீட்டுப் பசும்பால் கொண்டுவந்தார். காபி போட்டுக் கொடுத்தேன். பாதி குடிக்கும்போது தூளி ஆட ஆரம்பித்தது. சுக்கூர் பாய், காத்து ஜாஸ்தியா இருக்கே என்றார். பிறகு வேப்பமரத்தைப் பார்த்தார். மீதிக் காபியைக் குடிக்காமல் பஸ்ஸுக்கு நேரமாயிடுத்து என்று கிளம்பினார். குடையை இங்கேயே விட்டுவிட்டார். வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினால், ஐப்பசியில்தானே மழை, அப்போது பார்த்துக்கலாம் என்று பதில் வருகிறது.

இவர்களுக்கு என்ன தெரியும்? நீ பயப்பட மாட்டாய். உன் அம்மா இருக்கிறாள் மகளே. உன் பிரசவத்துக்கு ஆள் இல்லையே என்று நான் கவலைப்பட்டேன். ஆள் வந்துவிட்டது. இனி நீ வருவதுதான் பாக்கி.

உன்னையும் வயிற்றில் இருப்பதையும் அல்லாஹ் தன் காவலில் வைக்கட்டும்.

அத்தா


தென்னூர்
8-4-1962

அன்பு மகள் ஷரபுன்னிசாவுக்கு, சலாம். நம் வீட்டில் பிரசவம் ஆகிவிட்டது!

வியாழக்கிழமை காலை. முதல் நாளே மும்தாஜ் கெண்டைத் தலையைத் தொடவில்லை. அடுப்பங்கரையில் விறகுக்குப் பின்னால் போய்ப் போய்ச் சுரண்டினாள். பின்னறை வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று தேயிலைப் பெட்டியைத் தூக்கி விறகுப் பக்கம் வைத்தேன். ஏறிப் படுத்து, கைலித் துணியை முன்னங்கால்களால் மிதித்து மிதித்துக் குழி பண்ணினாள். பத்து மணி சுமாருக்கு வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். நான் நாலடி தள்ளி உட்கார்ந்தேன். கிட்டே போகாதீங்க, கையை வைக்காதீங்க, அவளே பார்த்துக்குவா என்று சாரா பீவி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். இந்தத் தெருவில் அவள் எடுத்த பிள்ளைகள் எத்தனை! பூனைக்கும் அவள்தான் மருத்துவச்சி.

முதல் குட்டி தாயைப்போல் மூன்று நிறம். இரண்டாவது கறுப்பு. மூன்றாவதும் மூன்று நிறம். ஒவ்வொன்றையும் நக்கி நக்கி உலர்த்தினாள், நஞ்சைத் தானே தின்றாள். அதுகள் கண் திறக்காமலே எப்படித்தான் காம்பைக் கண்டுபிடிக்கிறதோ! கால் மணி நேரம் கழித்து நாலாவது வந்தது. முழு வெள்ளை, என் பெருவிரல் அளவு. அசைவு இல்லை. மும்தாஜ் களைத்துப்போய் அதை முகர்ந்துவிட்டுத் தலையைச் சாய்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அசையலையே என்று கத்தினேன். துணியில் எடுத்துத் தலைகீழாப் பிடிச்சு முதுகைத் தேயுங்க, பலமாத் தேயுங்க, பயப்படாதீங்க என்று சாரா பீவியும் கத்தினாள். தேய்த்தேன். கடைசியில் அது ஒரு கொட்டாவி விட்டதே பார்க்கணும்! ஊசி முனை அளவு நாக்கு. அழுதுவிட்டேன், அதை ஏன் உன்னிடம் மறைக்க வேண்டும்?

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

நேற்றுப் பகல் தொழுதுவிட்டு வந்து பெட்டியைப் பார்த்தால் மூன்று குட்டிதான் இருக்கிறது. வெள்ளையைக் காணோம். மும்தாஜ் பின்னறை வாசல்படியில் நின்று கத்திக்கொண்டிருக்கிறாள். பூனை அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை, ஆள் கூப்பிடுவதுபோல் இருந்தது. உள்ளே போனேன். குழவியைக் கீழே இறக்கி, மடித்த துணிமேல் சுவரோரமாக வைத்திருந்தது. தூளி ஆடுகிறது. மூன்று ஆட்டம், ஒரு நிறுத்தம். உள்ளே வெள்ளைக் குட்டி. துப்பட்டித் துணியில் சுற்றி, இடது பக்கம் மடித்து, காலில் சுருக்கு, நெற்றியில் மைப்பொட்டு. இளஞ்சிவப்பு மூக்கு மட்டும் வெளியே தெரிகிறது. நிம்மதியாகத் தூங்குகிறது.

எடுத்துக்கொண்டுபோய்த் தாயிடம் விட்டேன். ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு வருவதற்குள் மறுபடியும் தூளியில். இன்னொரு தடவை கொண்டுபோய் விட்டேன். மறுபடியும். அப்புறம் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி ஹாஜிரா, நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். நாலில் நோஞ்சானாகப் பார்த்து எடுத்திருக்கிறாள், உன் அம்மாவின் குணம் போகுமா? ரெங்கநாதன் வீட்டுப் பாலில் பஞ்சை நனைத்து வாயில் வைத்தேன். அது வாயைத் திறக்கவில்லை. பெட்டியில் இருக்கும் மூன்றும் பாலுக்காகக் கீச்கீச்சென்று அடித்துக்கொள்கின்றன. இது ஒரு சத்தம் போடுவதில்லை. எவ்வளவு அடக்கமான பிள்ளை! தூங்கும் முகத்தைப் பார்த்தால் எழுப்ப மனம் வரவில்லை.

மும்தாஜ் மட்டும் புரியாமல் படியிலேயே கிடக்கிறாள். உள்ளே காலை வைப்பாள், முதுகு மயிர் எழும்பும், பின்வாங்குவாள். போகப் போகப் பழகிவிடுவாள்.

உன் அம்மாவின் கை பிள்ளை பார்ப்பதை மறக்கவில்லை என்று நீ இப்போது தெரிந்துகொண்டிருப்பாய். அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். டிக்கெட் எடுத்துவிட்டாயா? எழுது. நாளை எண்ணிக்கொண்டிருக்கும் உன் அத்தா.


ஸ்ரீரங்கம்
15-4-1962

மகளே ஷரபு,

உனக்கு நேற்றே தந்தி கிடைத்திருக்கும். ரெங்கநாதன்தான் கொடுத்தார். வர வேண்டாம் என்று மட்டும் அதில் இருக்கும். ஏன் என்பதை இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். நான் வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வந்து அம்மா மண்டபப் படித்துறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆற்றில் முக்கால்வாசி மணல்தான். ஓடுகிற கொஞ்சம் தண்ணீரில் குளிக்கிறவர்கள் என் வாய் அசைவதைப் பார்த்து, ஏதோ ஜபம் செய்கிறேன் என்று விலகிப் போகிறார்கள். நான் எழுதுவது என் வாய்வழியாக வெளியே போகும் என்று உனக்குத் தெரியும். இதை அந்த வீட்டில் எழுத முடியாது.

வெள்ளைக் குட்டி திங்கட்கிழமை போய்விட்டது. பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்த்தேன். தூளி ஆடிக்கொண்டிருந்தது. மைப்பொட்டு புதிதாக வைத்திருந்தது. தொட்டேன், மகளே. அது எப்போதோ விறைத்திருந்தது. சுருக்கை அவிழ்த்துப் பார்த்தேன். வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு நாளாக ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. பத்தடியில் பால் கட்டிப்போய்த் தாய் கத்திக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். மறுபடி மறுபடி என் கை தூக்கிக் கொடுத்திருந்தால், தாய்க்குப் பக்கத்திலேயே காவல் இருந்திருந்தால், அது பிழைத்திருக்கும். நான் அதை எடுத்த பிறகும் தூளி நிற்கவில்லை. மூன்று ஆட்டம், ஒரு நிறுத்தம்.

வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தேன். மும்தாஜ் மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்விச் சுவர் தாண்டி சாரா பீவி வீட்டுக்குக் கொண்டுபோனாள். கடைசிக் குட்டியோடு சுவர்மேல் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளைக் கூப்பிடவில்லை.

தூளியை அவிழ்த்து டிரங்குப் பெட்டியில் பூட்டினேன். செவ்வாய்க்கிழமை பகல் அது கொக்கியில் தொங்கியது.

வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்தது. முன்னறையில் உட்கார்ந்து படித்தேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் பயமெல்லாம் போய்விட்டது அத்தா, அம்மா இருக்கிறாள் என்றால் நான் அந்த அறையிலேயே பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். பின்னறையில் தூளி ஆடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மே மூன்றாம் தேதி கப்பல், நாலாம் தேதி போட் மெயிலில் திருச்சி என்று படித்தேன். சத்தம் நின்றது. இந்த ஒரு மாதத்தில் ஆட ஆரம்பித்த பிறகு அது இப்படி ஒரேயடியாக நின்றதே இல்லை. யாரோ வேலையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பதுபோல் இருந்தது. அடுத்த வரியைத் தொடங்கினேன். பிள்ளைக்கு ஒரு பெயர் நினைத்து வைத்திருக்கிறேன் அத்தா என்று இருந்தது. அதற்கடுத்த எழுத்தை வாய் சொல்லப் போனது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கிவிட்டேன். மீதியை ரெங்கநாதன் வீட்டில் வைத்துத்தான் படித்தேன். பெயர் நன்றாக இருக்கிறது. அதை இங்கேகூட எழுத மாட்டேன். கை பழகினால் வாய் பழகிவிடும்.

ஷரபு, இத்தனை வருஷமாக உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றிருக்கிறேன். அதை ரெங்கநாதன் கையால் எழுதச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எழுதக் கற்றுக்கொண்டதே இதற்காகத்தானோ என்று இப்போது தோன்றுகிறது. உன் முதல் பிள்ளையின் ஒன்பதாம் நாள் நீ மார் கட்டி வலிக்கிறது, அவன் விடியற்காலையிலிருந்து குடிக்கவில்லை, எழுப்புங்கள் என்று இரண்டு தடவை கேட்டாய். தூங்குற பிள்ளையை எழுப்பாதே, இவ்வளவு அழகாத் தூங்குறான் என்று உன் அம்மா சொன்னாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில்தான் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். தூங்கட்டுமேம்மா என்று நானும் சொன்னேன். நீ ஒரு நாளும் அதை எங்களிடம் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன் அம்மாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்குமோ என்னவோ. நீ கப்பல் ஏறின பிறகு அவள் வெறும் தூளியை ஆட்டிக்கொண்டே நாலு மாதம் இருந்தாள். உனக்கு அது தெரியாது.

அவள்மேல் கோபப்படாதே. அவளுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. பிள்ளை தூங்க வேண்டும், அதைத் தவிர அவளுக்கு இப்போது எதுவும் நினைவில் இல்லை. பசி, பால், விடிவது, வளர்வது எல்லாம் நம் பக்கத்து விஷயங்கள். மும்தாஜுக்கு அது முதல் நாளே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் ஒரு குட்டியைக் கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அதனால் நீ வராதே. ஏழாம் மாதத்திலும் வேண்டாம், பிள்ளை பிறந்து நாற்பது கழித்தும் வேண்டாம். மருதானையில் மாப்பிள்ளையின் அக்கா கையைப் பிடித்துக்கொள். ஆஸ்பத்திரிக்குப் போ. பிள்ளை அதிக நேரம் தூங்கினால், ஊரே திட்டினாலும் சரி, எழுப்பிப் பால் கொடு. கடிதம் இனி ரெங்கநாதன் விலாசத்துக்குப் போடு. அதிலும் தேதி வேண்டாம், பெயர் வேண்டாம். இரண்டு பேரும் சுகம் என்று ஒரு வரி போதும். நான் மனதுக்குள் படிக்கக் கற்றுக்கொண்ட அன்று சொல்கிறேன், அப்போது எல்லாம் எழுது. டீச்சரிடம் வேகமாகச் சொல்லிக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இங்கேயே தங்கிவிடுங்கோ பாய், எதுக்கு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போறேள் என்று ரெங்கநாதனும் அவர் வீட்டம்மாவும் கேட்கிறார்கள். நான் போகத்தான் வேண்டும். யாசீன் ஓதவும் கூப்பிடப் போவதில்லை. தூளி வெறுமனே கிடந்தால் அவள் தேட ஆரம்பிப்பாள். போய்க் குழவியைக் கழுவி, துணி சுற்றி, பொட்டு வைத்துக் கிடத்துகிறேன். அவள் களைத்தால் நான் ஆட்டுகிறேன். கல்தானே, அதற்குப் பசிக்காது. முப்பத்தெட்டு வருஷம் என்னோடு இருந்தவள், அவளை யாரிடம் விட்டுவிட்டு வருவேன்?

நேற்று நான் செருப்பை எடுக்க வீட்டு வாசலுக்குப் போனபோது சாரா பீவி சுவருக்கு மேல் கூப்பிட்டு, அண்ணே, மூணும் கண்ணு திறந்துடுச்சு, வந்து பாருங்க என்றாள். போய்ப் பார்த்தேன். கறுப்புக் குட்டி என் விரலைக் கவ்விப் பாலுக்கு உறிஞ்சிப் பார்த்தது, வரவில்லை என்றதும் என்ன கத்துக் கத்தியது தெரியுமா? அதைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

வேறு எந்த துஆவும் இப்போது என் வாயில் வரவில்லை, மகளே. உன் பிள்ளை பசித்து அழட்டும். மருதானைத் தெரு முழுவதும் கேட்கும்படி, உன்னைத் தூங்கவே விடாமல், தொண்டை கிழிய அழட்டும்.

உன் அத்தா